கடையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதா? எம்எஸ்11-030 ஓட்டையை அடைக்க முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று எந்த ஊர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையானாலும், பெரும்பாலும் ஒரு மூலையில் விண்டோஸ் 7 கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய பேஜ்மேக்கர், அதோடு மட்டும் ஒத்துப்போகும் தமிழ் எழுத்துரு, புது விண்டோஸுக்கு டிரைவரே கிடைக்காத பிரிண்டர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "நெட்டு வருது, பிரிண்ட் வருது, அப்புறம் என்ன தம்பி?" என்று கடைக்காரர் கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

அந்தக் கணினியைத் தூக்கிப் போடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. விண்டோஸ் பெயர் தேடும் முறையில் 2011-ல் ஓர் ஓட்டை தெரியவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 12-ம் தேதி மைக்ரோசாஃப்ட் எம்எஸ்11-030 என்ற எண்ணில் அதற்கு மருந்தும் (பேட்ச் என்ற திருத்தக் கோப்பு) கொடுத்துவிட்டது. அந்த மருந்து நம் கடைக் கணினிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, சேராவிட்டால் என்ன செய்வது, அதோடு சேர்த்து எந்தக் கதவை நிரந்தரமாகச் சாத்துவது என்பதுதான் இங்கே விஷயம். பேட்ச் போடுவது பாதி வேலை. மீதிப் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஓட்டை எங்கே இருக்கிறது

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது ஐபி எண்ணை வைத்து. நாம் கொடுப்பதோ பெயர். பெயரை எண்ணாக மாற்ற விண்டோஸ் ஒரு வரிசைப்படி தேடும். முதலில் அது தன்னுடைய பெயர்தானா என்று பார்க்கும். அப்புறம் கணினிக்குள்ளேயே பெயர்களும் எண்களும் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு, ஏற்கெனவே தேடி வைத்த பதில்கள், அடுத்து பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சர்வர். நம் கடை நெட்வொர்க்கில் இருக்கும் 'டிடிபி1' என்ற கணினியின் பெயர் எந்த டிஎன்எஸ் சர்வருக்கும் தெரியாது. அப்போது விண்டோஸ், பதிவேட்டில் பெயர் இல்லாததால் தெருவில் இறங்கி "இங்க டிடிபி1 யாருங்க?" என்று சத்தமாகக் கேட்பதைப் போல, அதே நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது. அந்தப் பெயருக்குரிய கணினி பதில் சொல்லும்.

இந்த முறைக்கு எல்எல்எம்என்ஆர் என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து உள்ளேயே வருகிறது. 224.0.0.252 என்ற முகவரிக்கு, யுடிபி 5355 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) கேள்வி போகும். கேள்வி எப்போது வரும் என்று தெரியாததால், ஒவ்வொரு கணினியும் அந்தப் போர்ட்டில் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபத்து அங்கேதான்.

வரும் கேள்வியில் உள்ள பெயரைப் பிரித்துப் படிக்கும் வேலை டிஎன்எஸ்ஏபிஐ என்ற டிஎல்எல் கோப்பினுடையது (விண்டோஸோடு வரும் நிரல் கோப்பு). புள்ளியில் தொடங்கும்படி வேண்டுமென்றே கோணலாக எழுதப்பட்ட ஒரு பெயர் வந்தால் அந்த நிரல் தடுமாறியது. தனக்கு ஒதுக்கிய இடத்தின் தொடக்கத்தையும் தாண்டிப் பின்னால் போய் நினைவகத்தைத் தொட்டுவிட்டது. அப்படித் தொட முடிகிறது என்றால், கெட்டிக்காரத் தாக்குபவர் தன் நிரலையே அங்கே ஓட வைக்கவும் வழி பிறக்கும். கடவுச்சொல் தேவையில்லை. கடைக்காரர் எந்த இணைப்பையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கூகுளைச் சேர்ந்த நீல் மேத்தா. மைக்ரோசாஃப்ட் இதற்கு எம்எஸ்11-030 என்று எண் கொடுத்தது. ஓட்டைகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பதிவில் இது சிவிஇ-2011-0657. விஸ்டா, விண்டோஸ் 7, சர்வர் 2008, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றுக்கு மிக உயர்ந்த அபாய நிலை. எக்ஸ்பி, சர்வர் 2003 இரண்டிலும் எல்எல்எம்என்ஆர் கிடையாது. அவற்றில் தாக்குபவர் ஏற்கெனவே அந்தக் கணினிக்குள் நுழைந்திருந்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும், அதனால் ஒரு படி குறைவாக மதிப்பிட்டார்கள்.

பயத்தைக் கூட்டாமல் இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, தாக்குபவருக்குக் கிடைப்பது 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற குறைந்த அதிகாரக் கணக்கு. முழு அட்மின் அதிகாரம் உடனே கையில் வந்துவிடாது, இன்னொரு ஓட்டையும் வேண்டும். (பேட்ச் போடாத விண்டோஸ் 7-ல் அந்த இன்னொன்றைத் தேடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.) இரண்டு, இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. இணையத்தில் எங்கோ இருக்கிற ஒருவர் நேரடியாக அனுப்ப முடியாது.

"அப்படின்னா என் கடைக்குள்ள யாரு வரப்போறா?" என்றால், உங்கள் வைஃபை கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிட்டா அடங்கல் எடுக்க வந்தவர், புகைப்படத்தை அனுப்ப வந்தவர், மழைக்கு ஒதுங்கிய கல்லூரிப் பையன், எல்லோருக்கும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோமே! அவர்களில் யாரும் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. அவர்களுடைய மடிக்கணினியில் ஏற்கெனவே ஏதாவது புகுந்திருந்தால் போதும்.

தொடங்கும் முன்

நாள் பார்த்துச் செய்யுங்கள். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் அலைமோதும் நவம்பரில் இந்த வேலையைத் தொடாதீர்கள். முகூர்த்தப் பத்திரிகை கையில் இருக்கும் வாரத்திலும் வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வந்துகொண்டிருக்கும். அப்டேட் பாதியில் இருக்கும்போது போனால் கணினி மறுபடி எழாமல் போகலாம். யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துக் கடைகளில் பல யுபிஎஸ்கள் வெறும் பெட்டியாகத்தான் நிற்கின்றன.

வாடிக்கையாளர் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து, அதைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எது எது ஓடுகிறது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு கணினியிலும் ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று வரும். விண்டோஸ் 7 என்றால் பில்டு 7601, சர்வீஸ் பேக் 1 என்று இருக்கவேண்டும். 7600 என்றால் சர்வீஸ் பேக்கே போடவில்லை, முதலில் அதைப் போடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "சர்வீஸ் பேக் போட்டாச்சே, அதில் எல்லாம் இருக்குமே" என்பார்கள். சர்வீஸ் பேக் 1 வெளியானது 2011 பிப்ரவரியில். ஓட்டைக்கு மருந்து வந்தது ஏப்ரலில். ஆகவே சர்வீஸ் பேக் 1 டிவிடியையோ பென் டிரைவையோ வைத்து ஃபார்மட் அடித்த கணினி, அந்த நொடியில் ஓட்டையோடுதான் பிறக்கிறது. போன மாதம் ஃபார்மட் அடித்திருந்தாலும் அதே கதைதான்.

கூடவே ஒரு தாளில் இன்னொன்றையும் எழுதுங்கள்: யார் யாரை எந்தப் பெயரில் தேடுகிறார்கள்? பிரிண்டர் எந்தக் கணினியில் ஷேர் ஆகியிருக்கிறது, டேலி தரவு எந்தக் கணினியில் இருக்கிறது, ஸ்கேன் செய்தது எந்த ஃபோல்டருக்குப் போகிறது. இந்தப் பட்டியல் இல்லாமல் அடுத்த படிகளுக்குப் போனால், சாயங்காலம் பிரிண்ட் வரவில்லை என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீர்கள்.

இரண்டாம் படி: மருந்து உள்ளே போயிருக்கிறதா

கண்ட்ரோல் பேனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்', அதில் 'வியூ இன்ஸ்டால்டு அப்டேட்ஸ்'. மேலே தேடும் பெட்டியில் 2509553 என்று தட்டுங்கள். கேபி2509553 வந்தால் சரி (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளுக்குக் கொடுக்கும் எண்). வராவிட்டால் உடனே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம், பின்னால் வந்த பெரிய தொகுப்பு ஒன்றோடு சேர்ந்து வந்திருக்கலாம்.

இன்னும் நம்பகமான வழி, கோப்பையே பார்த்துவிடுவது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32. அதில் டிஎன்எஸ்ஏபிஐ என்ற டிஎல்எல் கோப்பை வலது கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்', 'டீடெயில்ஸ்' பாருங்கள். ஃபைல் வெர்ஷன் 6.1.7601 என்று தொடங்கி 17514 என்று முடிந்தாலோ அதைவிடக் குறைவாக இருந்தாலோ, அது சர்வீஸ் பேக்கோடு வந்த பழைய கோப்பு. மருந்து போகவில்லை.

அசல் உரிமம் இல்லாத கணினிகளில் கறுப்புத் திரைக்குப் பயந்து அப்டேட்டையே அணைத்து வைத்திருப்பார்கள். அங்கே இதைச் சோதிக்கக்கூடத் தேவையில்லை, இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தனிப் பஞ்சாயத்து. ஆனால் ஐந்தாம் படியை அங்கேயும் செய்ய முடியும்.

மூன்றாம் படி: பேட்ச் போடுவது

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ம் தேதியோடு முடிந்தது. புதிதாக ஃபார்மட் அடித்த கணினியில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால் அது தேடிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் பிழை காட்டும். மைக்ரோசாஃப்ட் தன் கையொப்ப முறையை ஷா-2-வுக்கு மாற்றிவிட்டதால் பழைய கணினிக்கு அது புரிவதில்லை. எனவே கோப்புகளை வேறு நல்ல கணினியில், மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து மட்டும் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் வேண்டாம், 'எல்லா அப்டேட்டும் ஒரே கிளிக்கில்' என்று சொல்லும் தளங்கள் குறிப்பாக வேண்டாம். 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து இறக்குங்கள்.

வரிசை முக்கியம். முதலில் கேபி3020369. இது அப்டேட்டைப் போடும் இயந்திரத்தையே புதுப்பிக்கிறது. அடுத்து கேபி3125574. சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய தொகுப்பு இதுதான். சி டிரைவில் 4 ஜிபியாவது காலியாக வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் நெடுநேரம் இழுக்கும். பாதியில் பொறுமை இழந்து பவர் பட்டனை அமுக்கிவிடக் கூடாது.

ரீஸ்டார்ட் ஆனதும் கோப்பின் எண்ணை மறுபடி பாருங்கள். 17514-ஐத் தாண்டியிருக்கவேண்டும். பிறகு கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டையும் போட்டால் ஷா-2 கையொப்பம் புரியத் தொடங்கும், விண்டோஸ் அப்டேட்டும் 2020 ஜனவரி வரையிலான மீதியைக் கொண்டுவரும்.

நான்காம் படி: பெயருக்குப் பதிலாக நிலையான முகவரி

எல்எல்எம்என்ஆரை அணைத்தால் 'டிடிபி1' என்று பெயர் சொல்லித் தேடும் பிரிண்டர் கிடைக்காமல் போகலாம். அதனால் அணைப்பதற்கு முன்பே மாற்று வழியைப் போட்டுவிடவேண்டும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், கணினிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பிரிண்டர் ஷேர் ஆகியிருக்கும் கணினிக்கு ஒரு எண்ணை ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.10. ரவுட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் கணினியிலேயே நிலையான ஐபி கொடுக்கலாம். ரவுட்டர் பிறருக்குக் கொடுக்கும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் வாடிக்கையாளரின் கைபேசிக்கும் உங்கள் கணினிக்கும் ஒரே எண் போய்ச் சண்டை வரும்.

அடுத்தது எனக்குப் பிடித்த வேலை. பிரிண்டரை எல்லாக் கணினியிலும் நீக்கி மறுபடி சேர்க்கவேண்டியதில்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி போதும். நோட்பேடை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். திறக்கும் பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால்தான் கண்ணில் படும். கடைசி வரியில் 192.168.1.10 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கணினியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிச் சேமியுங்கள். கோப்பின் பெயரோடு டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தேடும் வரிசையில் ஹோஸ்ட்ஸ் கோப்பு முன்னாலேயே வந்துவிடுவதால், விண்டோஸ் கூவவேண்டிய கட்டத்துக்கே போகாது. டேலி, பிரிண்டர், ஷேர் ஃபோல்டர் எல்லாம் பழைய பெயரிலேயே ஓடும். இதை எந்தெந்தக் கணினி அந்தப் பெயரைத் தேடுகிறதோ அங்கெல்லாம் செய்து, டெஸ்ட் பேஜ் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: கூவலை நிறுத்துவது

விண்டோஸ் 7 புரொஃபஷனல், அல்டிமேட் என்றால் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், டிஎன்எஸ் கிளையன்ட் என்று போனால் 'டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன்' என்று ஒரு வரி. அதை 'எனேபிள்டு' ஆக்கவேண்டும். அணைப்பதைத்தான் இயக்குகிறோம், குழம்பி 'டிஸேபிள்டு' கொடுத்துவிடாதீர்கள். நிறையப் பேர் கொடுக்கிறார்கள்.

ஹோம், ஸ்டார்ட்டர் பதிப்புகளில் அந்த எடிட்டர் கிடையாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி வரை போங்கள். அதன் கீழே டிஎன்எஸ்கிளையன்ட் என்ற கீ இருக்காது, இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் நீங்களே உண்டாக்கவேண்டும். அதற்குள் 32 பிட் டிவேர்டு ஒன்று, பெயர் எனேபிள்மல்டிகாஸ்ட், மதிப்பு 0. ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபயர்வாலிலும் ஒரு பூட்டு போட்டுவிடலாம். 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' பகுதியில் இன்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல், போர்ட், யுடிபி 5355, 'பிளாக் த கனெக்ஷன்'. அதே மாதிரி டிசிபி 5355-க்கு இன்னொன்று. மூன்று புரொஃபைலிலும் டிக் இருக்கட்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதிக்கும் விதியும் தடுக்கும் விதியும் மோதினால் தடுப்பதே வெல்லும். பேட்ச் போடவே முடியாத கணினிக்கு இந்த இரண்டு வேலைதான் கவசம்.

எதையும் ஷேர் செய்யாத கணினியாக இருந்தால் இன்னும் சுலபம். நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று மாற்றிவிடுங்கள். கேட்காமல் வரும் பாக்கெட்டுகளை அந்த நிலையில் விண்டோஸ் தானாகவே தடுத்துவிடும். பிரிண்டர் ஷேர் செய்யும் கணினியில் மட்டும் இது சரிப்படாது.

கூவிப் பெயர் தேடும் இன்னொரு பழைய முறையான நெட்பயாஸும் இதே குணம் கொண்டதுதான். இந்த ஓட்டைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டு முறையிலும் "நான்தான் டிடிபி1" என்று யார் வேண்டுமானாலும் பொய்ப் பதில் சொல்லி, உங்கள் கணினி அனுப்பும் கடவுச்சொல் ஹேஷை (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவத்தை) பிடித்துக்கொள்ளலாம். ரெஸ்பாண்டர் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஐபிவி4 அமைப்பில் அட்வான்ஸ்டு, வின்ஸ் தாவலுக்குப் போய் நெட்பயாஸை அணைத்துவிடலாம். நான்காம் படியைச் சரியாகச் செய்திருந்தால் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. 'நெட்வொர்க்' ஃபோல்டரில் மற்றக் கணினிகளின் படம் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான்.

ஆறாம் படி: அடைந்ததா என்று பார்ப்பது

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று சுவிட்சுகளோடு கொடுங்கள். வரும் பட்டியலில் யுடிபி வரிசையில் 5355 இருக்கக்கூடாது. இருந்தால் பாலிசி ஏறவில்லை. 5353 தெரிந்தால் பதற வேண்டாம், அது எம்டிஎன்எஸ் என்ற வேறு முறை, பிரவுசர்கூட அதைத் திறந்து வைக்கும்.

இன்னும் உறுதியாகப் பார்க்க, அதே நெட்வொர்க்கில் உள்ள ஒரு மடிக்கணினியில், நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் நிரலைப் போட்டு, ஃபில்டரில் எல்எல்எம்என்ஆர் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பிறகு கடைக் கணினியிலிருந்து இல்லாத ஒரு பெயருக்குப் பிங் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கணினியின் ஐபி திரையில் வராவிட்டால் வாய் மூடிவிட்டது என்று அர்த்தம். வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகள் அப்போதும் கூவிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

ஓட்டைகளைச் சோதிக்கும் மெட்டாஸ்பிளாய்ட் என்ற கருவியில் இந்த ஓட்டையைத் தட்டி டிஎன்எஸ் சேவையை விழவைக்கும் மாட்யூல் ஒன்று உண்டு. வேலை நடக்கும் கடையில் அதை ஓட்டிப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை, கோப்பின் எண்ணே போதுமான சாட்சி.

வைஃபை, ரவுட்டர், மற்றவை

வாடிக்கையாளருக்கு 'கெஸ்ட்' வைஃபை தனியாகத் திறந்து, கடைக் கணினிகள் இருக்கும் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கெஸ்ட் வழியாக வருபவர் உள் நெட்வொர்க்கைப் பார்க்கக்கூடாது என்ற தேர்வும் அங்கேயே இருக்கும். ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் அப்போதே புதுப்பித்துவிடுங்கள். சிறிய ரவுட்டர்களுக்குள் டிஎன்எஸ் வேலையைப் பெரும்பாலும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல்தான் பார்க்கிறது. 2017 அக்டோபரில் கூகுள் அதில் ஏழு ஓட்டைகளை வெளியிட்டது, சில தொலைவிலிருந்தே நிரல் ஓட்டக்கூடியவை. 2.78 பதிப்பில்தான் சரியாயின.

அரிசி ஆலை எடைமேடையில் எக்ஸ்பி ஓடினால், அந்தக் கணினிக்கு நெட்வொர்க் எதற்கு என்று ஒருமுறை கேளுங்கள். எடைக் கருவி பெரும்பாலும் சீரியல் கேபிளில்தான் பேசும். ரசீது அடிக்க நெட் வேண்டாம் என்றால் கேபிளைக் கழற்றிவிடுவதே சிறந்த பேட்ச்.

விண்டோஸ் 10, 11-ல் இந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை. ஆனால் எல்எல்எம்என்ஆர் திறந்தே வரும். ஐந்தாம் படியை அங்கேயும் அப்படியே செய்யலாம். மைக்ரோசாஃப்டே 2022-ல் எல்எல்எம்என்ஆரையும் நெட்பயாஸையும் படிப்படியாகக் குறைத்து எம்டிஎன்எஸ் பக்கம் போவதாக அறிவித்துவிட்டது.

கல்லூரியோ மருத்துவமனையோ சொந்தமாக விண்டோஸ் டிஎன்எஸ் சர்வர் வைத்திருந்தால் அவர்களுடைய கவலை வேறு. 2020 ஜூலையில் வந்த சிக்ரெட் ஓட்டைக்கான பேட்ச் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சிவிஇ-2020-1350, அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து, சர்வர் 2003 முதல் 2019 வரை எல்லாவற்றிலும் பதினேழு ஆண்டுகள் கிடந்தது.

வேலை முடிந்ததும் மேலே சொன்ன நான்கு கேபி கோப்புகள், ஹோஸ்ட்ஸ் கோப்பின் ஒரு நகல், ஐபி பட்டியல் மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, விண்டோஸ் டிவிடி இருக்கும் அதே கவரில் வையுங்கள். அடுத்த முறை யாராவது ஃபார்மட் அடிக்கும்போது, நெட் கேபிளைச் செருகுவதற்கு முன்பே மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் முடிந்திருக்கவேண்டும்.